1% ஆக்ஸிஜனில் சிடி34 செல்கள் சரியாகப் பெருக மாட்டேங்குது, எங்கே தப்பு?

கேள்வி:
தொப்புள்கொடி ரத்தத்தில் பிரித்த சிடி34 செல்கள் (ரத்த ஸ்டெம் செல், முன்னோடிச் செல்களின் அடையாளப் புரதமான சிடி34 உள்ளவை). சீரம் இல்லாத மீடியம். எஸ்சிஎஃப், டிபிஓ, எஃப்எல்டி3 லிகண்ட் என்ற வளர்ச்சிக் காரணிகள் மூன்றும் தலா 100 நானோகிராம்/மி.லி. 24 வெல் (குழி) பிளேட், வெல்லுக்கு 1 மி.லி., 10,000 செல். 7ஆம் நாள் சாதாரண இன்குபேட்டரில் 6 லட்சம் செல், சிடி34 35%. நைட்ரஜன் விட்டு 1% வைத்ததில் 90,000 தான், ஆனால் சிடி34 70%. இரண்டு நாளுக்கு ஒருமுறை பிளேட்டை வெளியே எடுத்துப் பாதி மீடியம் மாற்றுகிறேன். மஜ்ஜையில் ஆக்ஸிஜன் குறைவு என்றுதான் 1% வைத்தேன். செல்கள் சாகவில்லை, சரியாகப் பெருகவும் இல்லை.

பதில் 1:
சதவீதத்தை விடுங்க, எண்ணிக்கையைப் பாருங்க. 6 லட்சத்தில் 35% என்றால் 2,10,000. 90,000-இல் 70% என்றால் 63,000. மூன்றில் ஒரு பங்கும் இல்லை. முதிர்ந்த செல்கள் உருவாகாததால் சதவீதம் ஏறித் தெரியுது, அவ்வளவுதான்.

1%-இல் ஹெச்ஐஎஃப்-1 ஆல்பா (ஆக்ஸிஜன் குறைவை உணர்த்தும் புரதம்) சிதையாமல் நிற்கும், செல் கிளைகோலிசிஸுக்கு (ஆக்ஸிஜன் இல்லாமல் குளுக்கோஸை உடைப்பதற்கு) மாறும், நிறைய செல்கள் ஜி0-வில் (பிரியாத ஓய்வு நிலையில்) ஒதுங்கும். மஜ்ஜையிலும் ரத்த ஸ்டெம் செல் பெரும்பாலும் ஓய்வில்தான் கிடக்குது. காப்பாற்றி வைக்க 1% சரி. பெருக்க 3-5% வைங்க. 2014-இல் உயிருள்ள எலியின் மண்டையோட்டு மஜ்ஜையில் அளந்தபோது ஆக்ஸிஜன் அழுத்தம் 32 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தது. மிகக் குறைந்த இடத்தில் சுமார் 9.9, அதாவது 1.3%. உங்க 1% அந்த அடிமட்டத்துக்கும் கீழே.

பதில் 2:
வெல்லின் பரப்பு 1.9 ச.செ.மீ. அதில் 1 மி.லி. ஊற்றினால் 5 மி.மீ.க்கு மேல் உயரம். ஆக்ஸிஜன் பரவ ஆகும் நேரம் உயரத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும்: இந்த உயரத்துக்கு கிட்டத்தட்ட 3 மணி, 0.5 மி.லி. என்றால் முக்கால் மணி. காற்றில் கிடந்த மீடியத்தைப் பாதி மாற்றினால் செல் நேராக அந்த ஆக்ஸிஜனைத்தான் குடிக்கும். உங்க செல்கள் 1%-இல் இல்லை, 1%-க்கும் காற்றுக்கும் நடுவே ஊஞ்சல் ஆடுது.

புது மீடியத்தை முந்தின இரவே அகலமான தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி அதே இன்குபேட்டரில் வைங்க. கையுறைப் பெட்டி இருந்தால் மாற்றுவதையும் அதற்குள்ளேயே செய்யுங்க. உலர்ந்த நைட்ரஜன் உள்ளே வருவதால் ஓர வெல்கள் வேகமாகக் காயும். அவற்றில் செல் போடாமல் பிபிஎஸ் (உப்புக் கரைசல்) மட்டும் ஊற்றுங்க, தண்ணீர்த் தட்டு வற்ற விடாதீங்க.

கேள்வி கேட்டவர்:
சரி. 5% வைத்தால் செல்லுக்கு உண்மையிலேயே குறைவாகக் கிடைக்குதா என்று பிமோனிடசோல் (ஆக்ஸிஜன் குறைந்த செல்லில் ஒட்டும் வேதிப்பொருள்) போட்டுப் பார்க்கலாமா?

பதில் 1:
வேண்டாம். அது சுமார் 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போனால்தான் ஒட்டும். 5% என்பது சுமார் 38. நிறம் வராது, நீங்க பயந்துடுவீங்க. ஹெச்ஐஎஃப் வெஸ்டர்ன் பிளாட் (புரத அளவு பார்க்கும் சோதனை) என்றால் செல்லைக் குறைந்த ஆக்ஸிஜனுக்கு உள்ளேயே உடைக்கணும், காற்றுப்பட்டால் அதன் அரை ஆயுள் 5 நிமிடம்தான்.

பதில் 3:
இன்னொன்று. பிரித்தெடுக்கும்போதே காற்றுப்பட்ட செல்கள் இவை. 2015-இல் ஒரு ஆய்வில், 3% ஆக்ஸிஜனிலேயே எடுத்துக் கையாண்டபோது கூடுதல் ஸ்டெம் செல் மிஞ்சியதைக் காட்டினாங்க. காற்றில் எடுத்தபோதும் சைக்ளோஸ்போரின் ஏ என்ற மருந்து அந்த இழப்பைக் குறைத்தது. ஆகவே 5%, 1%, காற்று மூன்றையும் ஒரே தொகுதி செல்லில் போடுங்க; சிடி90 இருந்து சிடி45ஆர்ஏ இல்லாத செல்களை (ஸ்டெம் செல் அதிகம் உள்ள பகுதி) தனியாக எண்ணுங்க. மீதைல்செல்லுலோஸில் (கெட்டியான வளர்ப்பு ஊடகம்) 14 நாள் காலனி பார்ப்பது முன்னோடிச் செல்லைத்தான் காட்டும். ஸ்டெம் செல் மிஞ்சியதா என்பதை எலிக்கு ஏற்றி 16 வாரம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.