கால்பந்து ஆட்டத்தில் மாவுச்சத்துக் கரைசலைக் கொப்பளித்துத் துப்பினால் போதுமா?

கேள்வி: இடைவேளையில் எதைக் குடித்தாலும் வயிறு பிரட்டும் ஆட்டக்காரர்களுக்கு, மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து செய்யும் பொடி) கரைசலால் வாய் கொப்பளிப்பது உதவுமா? அளவு என்ன?

பதில் 1: ஆய்வுகளில் வழக்கம் 6.4% கரைசல். 32 கிராம் பொடியை பாட்டிலில் போட்டு, மொத்தம் 500 மி.லி. வரும்வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். தடவைக்கு 25 மி.லி., 10 விநாடி வாய் முழுக்கச் சுழற்றித் துப்பணும். அவசரத்தில் இரண்டு விநாடியில் துப்பிவிடுவதுதான் வழக்கமான தப்பு. ஆட்டம் தொடங்கும் முன்பும் இடைவேளையிலும் செய்யலாம்.

பதில் 2: இதில் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதில்லை, வாயிலுள்ள உணர்விகள் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன, அவ்வளவுதான். இனிப்பே இல்லாத மால்டோடெக்ஸ்ட்ரின் வேலை செய்கிறது, செயற்கை இனிப்பான சாக்கரின் செய்வதில்லை. ஆகவே சர்க்கரையில்லாத 'ஜீரோ' பானம் வீண். 2004-இல் வெளியான ஒரு மணி நேர சைக்கிள் சோதனையில் சுமார் 3% முன்னேற்றம். ஆனால் ஸ்பிரிண்ட் (குறுகிய அதிவேக ஓட்ட) சோதனைகளில் முடிவுகள் முன்னுக்குப் பின் முரண்தான்.

பதில் 3: சாப்பிட்டுவிட்டு வந்தவருக்குப் பலன் இன்னும் குறைவு. 90 நிமிட ஆட்டத்துக்கு விழுங்குவதே மேல், மணிக்கு 30–60 கிராம் மாவுச்சத்து. பிரட்டல் இருந்தால் சின்னச் சின்ன மடக்காக, முதலில் பயிற்சியில் பழக்குங்கள். கொப்பளித்தாலும் தண்ணீர் தனியே குடிக்கணும். துப்பியது தாகம் தீர்க்காது.