பாஸ்த்ரூ அனுபவம்: கார்டை விஎம்முக்குக் கொடுத்தேன், ஹோஸ்டே கையைவிட்டுப் போனது

வீட்டில் பி450 மதர்போர்டு போட்ட ரைசன் கணினியில் ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடுகிறது; ஒரே கணினிக்குள் பல விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் மென்பொருள் அது. அது ஓடும் நிஜக் கணினிதான் ஹோஸ்ட். குடும்பப் படங்கள் இருக்கும் நான்கு ஹார்ட் டிஸ்க்கையும் ட்ரூநாஸ் (கோப்புச் சேமிப்பு மென்பொருள்) விஎம்மிடம் நேரடியாக ஒப்படைக்க நினைத்து (இதுதான் பாஸ்த்ரூ), ஐடி மோடில் (டிஸ்க்குகளை அப்படியே காட்டும் முறை) இருக்கும் எல்எஸ்ஐ 9211-8ஐ டிஸ்க் கார்டு ஒன்றை வாங்கினேன். முதல் ஸ்லாட்டில் கிராஃபிக்ஸ் கார்டு இருந்ததால் இதை இரண்டாவதில் செருகினேன். பயாஸில் ஐஓஎம்எம்யூ-வை (சாதனங்கள் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி) ஆன் செய்து, கார்டை விஎம்மில் சேர்த்து, ஸ்டார்ட் கொடுத்தேன்.

அடுத்த நொடியே ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் நின்றுபோனது. பிங்கும் போகவில்லை. மானிட்டரை மாட்டிப் பார்த்தால் திரை முழுக்க டிஸ்க் பிழைகள். ரீபூட் செய்தால் கொஞ்ச நேரம் வரும், மறுபடி போய்விடும். விஎம் தானாகக் கிளம்பும்படி ஆட்டோ ஸ்டார்ட் வைத்திருந்தேன், அதனால்தான். படங்கள் போய்விட்டன என்றே நினைத்தேன்; அன்று இரவு தூக்கமே இல்லை.

வழி பயாஸிலேயே இருந்தது. ஐஓஎம்எம்யூ-வை ஆஃப் செய்தால் பாஸ்த்ரூ நடக்காது, விஎம் கிளம்பாமல் நின்றுவிடும், ஹோஸ்ட் பிழைத்துக்கொள்ளும். அப்படி உள்ளே போய் ஆட்டோ ஸ்டார்ட்டை எடுத்த பிறகுதான், ஐஓஎம்எம்யூ சாதனங்களைப் பிரித்து வைக்கும் குரூப் பட்டியலைப் பார்த்தேன். என் போர்டில் இரண்டாவது ஸ்லாட் நேராக சிபியுவுக்குப் போகாமல் சிப்செட்டுக்கு (போர்டில் இருக்கும் துணைச் சில்லு) பின்னால் இருக்கிறது. அந்த கார்டு, நெட்வொர்க் போர்ட், ஹோஸ்டின் பூட் டிஸ்க் இருக்கும் சாட்டா கன்ட்ரோலர் எல்லாம் ஒரே குரூப். ஒரே குரூப்பில் இருக்கும் சாதனங்கள் ஐஓஎம்எம்யூ கண்ணில் படாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியும். அதனால் ஒன்றைக் கேட்டால் முழுக் குரூப்பும் ஹோஸ்டிடமிருந்து பிடுங்கப்படுகிறது.

கடைசியில் செய்தது சின்ன வேலை. இரண்டு கார்டையும் இடம் மாற்றினேன். முதல் ஸ்லாட் நேராக சிபியுவுக்குப் போவதால் அங்கே எல்எஸ்ஐ கார்டு தனிக் குரூப்பில் வந்தது. கன்சோல் பார்க்க மட்டும் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இரண்டாவது ஸ்லாட் போதும். படங்கள் பத்திரமாக இருக்கின்றன.

ஏசிஎஸ் ஓவர்ரைடு (குரூப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லும் கெர்னல் அமைப்பு) போட்டால் குரூப் பிரியுமே என்று நண்பர் சொன்னார். பட்டியலில் பிரிந்து தெரியும், உண்மைதான். ஆனால் சாதனங்கள் தமக்குள் பேசிக்கொள்வதைத் தடுக்கும் தடுப்பு வன்பொருளில் வந்துவிடாது. படங்கள் இருக்கும் கணினியில் நான் அதைப் போட மாட்டேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

எனக்கு அடி வேறு பக்கத்திலிருந்து. எல்லாம் ஒரு வருடம் நன்றாக ஓடியது. புதிதாக ஒரு என்விஎம்ஈ டிஸ்க் போட்டேன். சாதனங்களின் பிசிஐ எண்கள் (கணினிக்குள் அவற்றின் முகவரி) ஒன்று தள்ளிப் போய்விட்டன. விஎம் கேட்ட பழைய முகவரியில் இப்போது வேறு சாதனம்! நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறியதால், ஹோஸ்டையும் விஎம்களையும் நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் எழவில்லை, கீபோர்டு மாட்டித்தான் சரிசெய்தேன். ப்ராக்ஸ்மாக்ஸ் 8-லிருந்து ரிசோர்ஸ் மேப்பிங் (சாதனத்துக்கு ஒரு பெயர் வைத்து அதை விஎம்முக்குக் கொடுக்கும் வசதி) இருக்கிறது. சாதனத்தின் ஐடியையும் சரிபார்ப்பதால் இந்த வகை ஆபத்து குறையும். புது கார்டு செருகும் முன் ஆட்டோ ஸ்டார்ட்டை எடுத்துவிடுங்கள்.

* * *

நாங்கள் ஆடிட்டர் அலுவலகம். ஜிஎஸ்டி ஃபைலிங்குக்கு விண்டோஸ் விஎம், அதில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (யூஎஸ்பி-யில் செருகும் சின்னக் கருவி). வெண்டர் ஐடி, ப்ராடக்ட் ஐடி (தயாரிப்பாளர், மாடல் எண்கள்) வைத்து யூஎஸ்பி பாஸ்த்ரூ கொடுத்திருந்தோம், ஒரு டோக்கன் இருந்தவரை பிரச்சினை இல்லை. இரண்டாவது பார்ட்னருக்கும் அதே மாடல் வாங்கினோம். இரண்டுக்கும் ஐடி ஒன்றே என்பதால் எது எந்த விஎம்முக்குப் போகும் என்று தெரியாமல் போனது. இப்போது ஐடியை விட்டு போர்ட் எண்ணை வைத்துக் கொடுத்திருக்கிறோம். எந்தப் போர்ட் யாருடையது என்று ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று.