இந்தப் பாட்டை உங்கள் கையில் கொடுத்தது யார்?

தேனிக்காரன்:

பிடித்த பத்துப் பாட்டு, இருபது பாட்டு என்று பட்டியல் போட வேண்டாம். போட்டால் ராஜாவா ரகுமானா என்கிற சண்டையில் போய்த்தான் நிற்கும். நான் கேட்பது வேறு. உங்களுக்கு உயிரான ஒரு பாட்டு உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது, யார் கொடுத்தார்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். 1991, பிளஸ் டூ படிக்கிறேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு ரெக்கார்டிங் கடை. பிளாங்க் கேசட்டையும் பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு முப்பது. நாலரை நிமிடப் பாட்டு என்றால் ஆறு பிடிக்கும், மூன்று நிமிடம் சொச்சம் மிஞ்சும். சில கடைகளில் அந்த மிச்சத்திலும் ஏழாவது பாட்டைப் பதிந்துவிடுவார்கள். பாதிச் சரணத்தில் டேப் தீர்ந்து, பாடுகிறவர் வாயை யாரோ பொத்தியது போல நிற்கும். எங்கள் கடைக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். மிச்ச இடத்துக்குள் அடங்குகிற மாதிரி ஒரு பாட்டைத் தேடி, தன் இஷ்டத்துக்குப் போட்டுவிடுவார். அதற்குக் காசு கிடையாது.

நான் கொடுத்த லிஸ்ட் முழுக்க ரஜினி பாட்டு. பி பக்கத்தின் கடைசியில் திடீரென்று சுசீலா அம்மா 'நாளை இந்த வேளை பார்த்து' என்று பாடுகிறார்! உள் அட்டையில் மற்றதையெல்லாம் நீல மையில் எழுதியிருந்தவர், இதை மட்டும் சிவப்பில் எழுதி, பக்கத்தில் 'கடை' என்று போட்டிருந்தார். எனக்கு எரிச்சல். ஆனால் எங்கள் வீட்டுப் பெட்டியில் ஃபார்வர்டு பட்டன் உடைந்திருந்தது. ஓடி முடியும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு மாதத்தில் அந்தப் பாட்டுக்காகவே பி பக்கத்தைப் போட ஆரம்பித்தேன். அது 1968-ல் வந்த 'உயர்ந்த மனிதன்' படத்துப் பாட்டு, எம்.எஸ்.வி. இசை, வாலி எழுதியது, பின்னணிப் பாடகிக்கென்று தேசிய விருது முதன்முதலாகக் கொடுத்தபோது அதை சுசீலாவுக்கு வாங்கித் தந்தது என்பதெல்லாம் ரொம்பப் பிறகுதான் தெரியும்.

அடுத்த தடவை பத்துப் பாட்டோடு லிஸ்ட்டை நிறுத்திக்கொண்டேன். அவர் லிஸ்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் ஓர் உதவி. 1994 வாக்கில் தேனியிலிருந்து மதுரைக்கு இரவு பஸ்ஸில் போகும்போது, உசிலம்பட்டி தாண்டி ஒரு பாட்டு ஓடியது. பாதித் தூக்கம். பெண் குரல், 'காலை' என்று ஒரு சொல் காதில் விழுந்தது, இடையில் புல்லாங்குழல். அவ்வளவுதான். அன்றிலிருந்து தேடுகிறேன்.

---

டீக்கடைப் பேரன், கோவில்பட்டி:

எனக்குக் கொடுத்தது தாத்தா. கடையில் ஒரு பழைய மர்பி ரேடியோ. அந்த வயதில் எனக்கு நாதஸ்வரம் என்றாலே ஆகாது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது காதுக்குப் பக்கத்தில் நின்று ஊதுகிற சத்தம், அவ்வளவுதான் அது எனக்கு. ஒருநாள் 'சிங்கார வேலனே தேவா' வந்தது. "பாடுறது யாரு தாத்தா?" என்றேன். ஜானகி என்று சொல்லியிருக்கலாம். தாத்தா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "ஏலே, பாடுறது யாருன்னு ஊரே சொல்லும். கூட ஊதுறது யாருன்னு கேளு" என்றார்.

காருகுறிச்சி அருணாசலம். பிறந்தது காருகுறிச்சி, வாழ்ந்தது எங்கள் ஊர். நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். இந்தப் பாட்டு இடம்பெற்ற 'கொஞ்சும் சலங்கை' படம் 1962-ல் வந்தது, 1964-ல் அவர் போய்விட்டார், நாற்பது சொச்சம் வயதுதான். திரையில் ஜெமினி கணேசன் ஊதுவதாகத்தான் வரும், அதனால் முகம் தெரியாது. அன்றைக்குத் தாத்தா ஒரு வேலை வைத்தார். ஜானகி ஒரு சங்கதி பாடி முடித்ததும் நாதஸ்வரம் அதைத் திருப்பிச் சொல்லும், எங்கே குரல் முடிந்து எங்கே குழல் தொடங்குகிறது என்று கையைத் தூக்கிக் காட்டு என்றார். இரண்டு இடத்தில் தப்பாகத் தூக்கினேன். இப்போதும் தப்பத்தான் செய்கிறேன். ஊரில் அவர் சிலையைத் தாண்டும்போதெல்லாம் கை தானாகக் கொஞ்சம் எழும்பும்.

---

வடமராட்சி, இப்போது டொரொன்டோ:

எனக்குப் பாட்டுத் தந்தது அண்ணாவின் கை. கை என்று நான் சொல்வது உண்மையாகவே கையைத்தான்.

1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்த பொருள். ஆகவே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பின் சில்லோடு டைனமோவைப் பொருத்தி, அதிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவருக்குச் சங்கிலிச் சத்தமும் டைனமோவின் இரைச்சலும்தான் கேட்கும். பாட்டு மற்றவர்களுக்கு. அதனால் முறை வைத்திருந்தோம், ஆளுக்கு ஒரு பாட்டு சுற்ற வேண்டும்.

'சின்னச் சின்ன ஆசை' முதல் தடவை திருச்சி வானொலியில் வந்தபோது என்னுடைய முறை. அண்ணா என்னைப் பார்த்து, "நீ போய் இரு, நான் சுத்துறன்" என்றார். நான் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு கேட்டேன். கேசட் என்றால் இன்னும் பகிடி. சுற்றுகிறவர் களைத்தால் டேப் மெதுவாகி, மின்மினியின் குரல் ஆம்பிளைக் குரலாகிவிடும். எல்லோரும் "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவோம்.

அண்ணா அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டது எத்தனையோ வருடம் கழித்து, இங்கே என் காரில். "ஓ, இதில இவ்வளவு கிடக்கோ" என்று மட்டும் சொன்னார்.

---

மெமரி கார்டு:

மேலே உள்ளதைப் படித்த பிறகு என்னுடையதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. 2009, செல்போன் கடை. முப்பது ரூபாய்க்கு மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவார்கள். 'காதல் சோகம்' என்று ஒரு ஃபோல்டர், அதில் நடுவே ஒரு ஐயப்பன் பாட்டு. யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள், தெரியாது. காதல் போய்விட்டது, ஐயப்பன் பாட்டு இன்னும் இருக்கிறது.

---

கோவை அம்மா:

இங்கே எல்லோரும் பெரியவர்கள் கொடுத்ததைச் சொல்கிறீர்கள். எனக்கு என் பெண் கொடுத்தாள், அதுவும் என்னிடம் ஏற்கெனவே இருந்ததையே.

எனக்குச் சங்கீதம் தெரியாது. சமையல் செய்யும்போது பாடுவேன், அவ்வளவுதான். பெண் பாட்டு கிளாஸுக்குப் போக ஆரம்பித்து நாலு வருடம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாடினேன். அது முடிந்ததும் 'அழகான ராட்சசியே'. கொஞ்ச நேரம் கழித்து 'கண்கள் இரண்டால்'. உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அம்மா, மூணும் ஒரே ராகம், தெரிஞ்சுதான் பாடறியா?" ரீதிகௌளையாம்.

1977-ல் பாலமுரளிகிருஷ்ணா பாடியது என் அம்மா வழியாக வந்தது. 1999-ல் வந்தது என் கல்லூரிக் காலம். 2008-ல் வந்தது இவள் கைக்குழந்தையாக இருந்தபோது, இவளைத் தூங்க வைக்கப் பாடியது. இசையமைப்பாளர்கள் மூன்று பேர், மூன்று வயதில் நான். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிடித்தது என்றல்லவா நினைத்திருந்தேன்! என்னையே யாரோ கையும் களவுமாகப் பிடித்தது போல இருந்தது. இப்போது புதிதாக ஏதாவது பாட்டுப் பிடித்தால் முதலில் அவளிடம் பாடிக் காட்டுகிறேன். பெரும்பாலும் "இல்லம்மா, இது வேற" என்கிறாள். எனக்கு அதில் சின்ன ஏமாற்றம்கூட.

---

ஒற்றைக் காது:

கல்லூரி பஸ்ஸில் நானும் தோழியும் ஒரே இயர்போனைப் பகிர்ந்துகொள்வோம். ஜன்னல் சீட் அவளுக்கு, அதனால் இடது முனை எப்போதும் என்னுடையது. மூன்று வருடம் எல்லாப் பாட்டையும் அப்படித்தான் கேட்டேன். வேலைக்குப் போய் சொந்தமாக ஹெட்போன் வாங்கிப் போட்டபோது, நன்றாகத் தெரிந்த பாட்டில் தெரியாத வயலின்கள் வந்தன. அதுவரை அவள் காதில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தவை. அப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. "உன் பக்கம் வயலின் இருந்ததை ஏன் சொல்லவில்லை?" என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். "உன் பக்கம் என்ன இருந்தது?" என்று பதில் வந்தது.

---

முகத்தைப் பார்க்காதே:

எல்லோரும் வாங்கிய கதையைச் சொல்கிறீர்கள். கொடுத்துத் தோற்றவன் கதை ஒன்று இருக்கட்டும்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பாட்டைப் போட்டுவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தையே பார்ப்பேன். "இரு, இப்ப ஒரு இடம் வரும் பாரு" என்பேன். அந்த இடம் வரும். அவர் மரியாதைக்குத் தலையாட்டுவார். "இன்னொரு தடவை போடறேன், நீ சரியா கேட்கல" என்பேன். இப்படி நான் கெடுத்த பாட்டுகள் எத்தனையோ. என் மனைவிக்கு ஜெயச்சந்திரன் குரலே பிடிக்காமல் போனதற்கு ஜெயச்சந்திரன் காரணமல்ல, நான்தான்.

அப்புறம் ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது ஹாலில் 'ராசாத்தி உன்ன' தானாக ஓடியிருக்கிறது. வெளியே வந்தால் இவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். நானும் ஒன்றும் கேட்காமல் துண்டோடு உள்ளே போய்விட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று மீதியைக் கேட்டேன். பாட்டை அனுப்புங்கள், வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். "கேட்டியா, எப்படி இருந்தது" என்று மட்டும் தொடராதீர்கள்.

தேனிக்காரரே, நீங்கள் தேடுவது 'புத்தம் புது காலை'யாக இருக்குமோ?

---

டீக்கடைப் பேரன், கோவில்பட்டி:

அதைப் போய்த் தெரியாமலா இருப்பார்? ஜானகி பாடியதாச்சே!

---

தேனிக்காரன்:

சிரிக்காதீர்கள், எனக்கு அது தெரியாது. 'அலைகள் ஓய்வதில்லை' நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். அதனால்தான் தெரியவில்லை என்று இப்போது புரிகிறது. அந்தப் பாட்டு 1981-ல் இசைத்தட்டில் வந்ததே தவிர, படத்தில் வரவில்லை. நான் படம் பார்த்துப் பாட்டுப் பிடிக்கிற ஜாதி. ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் ஓட்டை இருக்கும், விடுங்கள்.

இரவு பத்து மணிக்குப் போட்டேன். நான் தேடியது அது இல்லை. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் கேட்டது இன்னும் மெதுவானது. ஆனால் நிறுத்தத் தோன்றவில்லை. படத்தில் வராததால் கார்த்திக் முகமோ ராதா முகமோ குறுக்கே வரவில்லை. என் ஊர் மொட்டை மாடியும் வராக நதிப் பக்கத்து வயலும்தான் வந்தன. இன்றோடு ஒன்பது நாள், தினம் இரண்டு தடவையாவது கேட்கிறேன். பஸ் பாட்டை யாராவது கண்டுபிடித்தால் சொல்லுங்கள், அவசரமில்லை.

நேற்று ராத்திரி மகனுக்கு அனுப்பினேன். பெங்களூரில் இருக்கிறான், அவன் கேட்கிற பாட்டே வேறு. இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. பதில் இல்லை. மேலே சொன்னபடி நானும் எதுவும் கேட்கவில்லை.