பைபர் படகில் போட்ட ஒட்டு பெயர்ந்து வருகிறது, என்ன செய்வது?

கேள்வி (நாகப்பட்டினம்)
வணக்கம். அப்பாவின் பைபர் படகு கரையேற்றும்போது கல்லில் இடித்து, அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து ரெசின் (இறுகும் பிசின்) பூசினேன். கல் மாதிரி இறுகியது. நான்கு நாள் தொழிலுக்குப் போய் வந்து பார்த்தால் ஓரம் கிளம்பி நிற்கிறது. நகத்தால் இழுத்தாலே முழுசாக உரிகிறது, அடியில் பழைய பரப்பு பளபளவென்று அப்படியே இருக்கிறது. தாத்தா "மரமே மேல்" என்கிறார். பைபரே சரியில்லையா?

பதில் (படகுப் பட்டறை, தூத்துக்குடி)
தம்பி, அந்தப் பளபளப்புதான் காரணம். படகின் வழவழப்பான மேல்பூச்சான ஜெல்கோட்டைத் தேய்க்காமல் அதன்மேலேயே ஒட்டியிருக்கிறீர்கள். கண்ணாடி இழைதான் இழுவையைத் தாங்குகிறது; ரெசின் அதைப் பிடித்து, பாரத்தை ஓர் இழையிலிருந்து அடுத்ததற்குக் கடத்துகிறது. ரெசின் பழைய இழையைத் தொடவே இல்லை என்றால் உங்கள் ஒட்டு வெறும் மூடிதான்.

முதலில் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். "டங்" என்றால் நல்ல இடம். "தொப்" என்றால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது, விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிச் சில நாள் காயவிடுங்கள். அப்புறம் இழை தெரியும் வரை கிரைண்டர் போட்டு ஓரத்தைச் சரிவாக்குங்கள். 5 மி.மீ. தடிமனுக்குச் சுற்றிலும் 60 மி.மீ. சரிவு வேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு சுமார் 1 மி.மீ. வரும், கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். ரோலரால் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள்.

ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரையும் அதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரையும் நேராகக் கலந்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது.

பதில் (ராமேசுவரம்)
தாத்தாவைக் குறை சொல்லாதீர்கள், மர வள்ளம் அலையில் நிற்கிற நிதானம் தனி. ஆனால் கப்பல் புழு துளைப்பதும், பலகை இடுக்கை அடைத்துக்கொண்டே இருப்பதும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பைபருக்கு அந்தத் தொல்லை இல்லை, மரம்போல ஊறி உளுத்துப் போகாது, கனமும் குறைவு. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் பைபர் பெருகியது. உடைந்த இடத்தை மறுபடி ஒரே உடம்பாக்கலாம் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

கேட்டவர்
தட்டிப் பார்த்தேன் அண்ணா. விரிசல் ஒரு சாண்தான், "தொப்" சத்தம் இரண்டு சாணுக்குக் கேட்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டேன்.

பதில் (தூத்துக்குடி)
வட்டத்துக்குள் ஒன்றும் விடாமல் எடுத்துவிடுங்கள். முழுக்கைச் சட்டையும் முகமூடியும் கட்டாயம், அந்தத் தூசு மூச்சில் போகக் கூடாது.