சின்ன சிஎன்சி பட்டறைக்கு ஐடிஐ அப்ரண்டிஸ் சரிவருமா? (கோவை)

கணபதி_லேத்:
வணக்கம்ங்க. கணபதி பக்கம் பம்ப் ஷாஃப்ட் ஜாப் ஒர்க் பண்றோம். நாலு சிஎன்சி டர்னிங் (கம்ப்யூட்டர்ல ஓடுற லேத்), ஒரு விஎம்சி (அதே மாதிரி ஓடுற மில்லிங் மெஷின்), மொத்தம் 18 பேர். ஆபரேட்டர் கிடைக்கிறாங்க, ஆனா பட்டன் அமுக்கத்தான் தெரியுது, புது ஜாபுக்கு மெஷினைத் தயார் பண்ற செட்டிங் தெரியல. எங்க செட்டர் அண்ணனுக்கு வயசு அறுபதை நெருங்குது. அவர் லீவு போட்டா அன்னைக்குப் புது ஜாப் ஏறாது. அப்ரண்டிஸ் எடுத்துப் பழக்குங்கன்னு ஆடிட்டர் சொல்றாரு. பக்கத்துப் பட்டறைக்காரரோ, "நீ பழக்கிவிடு, பெரிய கம்பெனிக்காரன் கூட்டிட்டுப் போயிடுவான்"ங்கிறாரு. எடுத்து நடத்துறவங்க சொல்லுங்க.

ஹெச்ஆர்_சூலூர்:
1961 அப்ரண்டிஸ் சட்டப்படி, 2019 விதித் திருத்தத்துக்கு அப்புறம், 30 பேரும் அதுக்கு மேலயும் இருக்கிற இடத்துலதான் அப்ரண்டிஸ் எடுக்கிறது கட்டாயம். 4 முதல் 29 வரைக்கும் உங்க இஷ்டம். உச்சவரம்பு 15 சதவீதம், அதனால உங்களுக்கு ரெண்டு பேர். அதே திருத்தத்துல ஐடிஐ முடிச்சவங்களுக்குக் குறைந்தபட்ச ஸ்டைபண்ட் (பயிற்சித் தொகை) மாசம் 7,000. என்ஏபிஎஸ்ங்கிற தேசிய அப்ரண்டிஸ் ஊக்கத் திட்டத்துல அதுல கால் பங்கு, அதிகபட்சம் 1,500 வரை, மத்திய அரசு தரும். இப்போ நடப்புத் தொகை என்னன்னு அரசோட அப்ரண்டிஸ் போர்ட்டல்ல ஒரு தடவை பார்த்துக்கங்க. ஒப்பந்தத்தையும் அங்கேயே பதிவு பண்ணணும்.

குறிச்சி_பட்டறை:
நான் வருஷா வருஷம் எடுக்கிறேன்ங்க. ஸ்டைபண்டுல மிச்சம் பிடிக்கலாம்னு மட்டும் எடுக்காதீங்க. அப்படி எடுக்கிற இடத்துல பையன் வருஷம் பூரா ஜாப் லோடு பண்ணுவான், பர் (வெட்டின ஓரத்துப் பிசிறு) எடுப்பான், சிப்ஸ் அள்ளுவான். கடைசியில செட்டரும் கிடைச்சிருக்க மாட்டான், தாவிட்டான்னு திட்டுறதுதான் மிச்சம்.

நான் முதல்ல மெஷின்கிட்டயே விடுறதில்ல. நேரா இன்ஸ்பெக்‌ஷன் டேபிள். 6205 பேரிங் உட்கார்ற 25 எம்எம் இடத்தை எடுத்துக்கங்க. டிராயிங்ல கே6ங்கிற அளவு வரம்பு போட்டிருந்தா, 25க்கு மேல 2 மைக்ரான்ல (ஒரு மைக்ரான் எம்எம்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருந்து 15 மைக்ரானுக்குள்ள நிக்கணும். ஒரே ஷாஃப்டை செட்டரும் பையனும் தனித்தனியா அளந்து எழுதணும், ரெண்டு அளவும் ஒத்து வர்ற வரைக்கும் இதேதான் வேலை. மைக்ரோமீட்டர் முனையில இருக்கிற ராட்செட்டை எப்படித் திருகுறான்னு பார்த்தாலே ஆளு தேறுவானான்னு எனக்குத் தெரிஞ்சிடும். மெஷின்ல இருந்து இறங்கின ஜாப் ஷாப் வெப்பத்தை விடப் பத்து டிகிரி கூடச் சூடா இருந்தா கிட்டத்தட்ட மூணு மைக்ரான் பெருசாக் காட்டும். அதை நம்பி ஆஃப்செட்டை (மெஷின்ல குடுக்கிற அளவுத் திருத்தம்) குறைச்சா, ஆறினப்புறம் பேரிங் லூஸு. இதெல்லாம் நம்ம ஷாப்ல நின்னு பழகுனாத்தான் வரும்.

அளவு கைக்கு வந்தப்புறம் வேர் ஆஃப்செட், அதாவது டூல் தேய்மானத்துக்குக் குடுக்கிற திருத்தம். டயா (விட்டம்) 10 மைக்ரான் கூட வந்தா எக்ஸ்ல (விட்டத்துக்கான அச்சு) மைனஸ் 0.01 எம்எம். பதட்டத்துல 0.1 அடிச்சா ஜாப் காலி, அதனால முதல்ல ஸ்கிராப் ஷாஃப்ட்லதான் பழக்கம். பிறகு இன்சர்ட் (டூலோட வெட்டுற முனை) மாத்துறது, சாஃப்ட் ஜா (ஜாபைப் பிடிக்கிற தாடை) போரிங், கடைசியாத்தான் செட்டிங்.

உண்மையான சிக்கல் பையன் இல்லீங்க, உங்க செட்டர் அண்ணன். எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா நம்மள எதுக்கு வெச்சிருக்கப் போறாங்கன்னு அவர் மனசுல ஓடும், வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு. நான் சொல்லித் தர்றதுக்குன்னே எங்க செட்டருக்கு மாசம் தனித்தொகை போட்டேன். ஷிப்ட் கடைசி ஒரு மணி நேரம் அவருக்கு டார்கெட் கிடையாது. இந்தச் செலவையும் கணக்குல சேர்த்துக்கங்க, ஸ்டைபண்டை மட்டும் பார்க்காதீங்க.

தாவுறவன் தாவத்தான் செய்வான். ரெண்டு பேர்ல ஒருத்தன் நின்னாலும் எனக்குக் கட்டுப்படியாகுது, ஏன்னா வெளியில இருந்து வர்ற செட்டருக்கு நம்ம ஃபிக்சரும் (ஜாபைப் பிடிக்கிற அமைப்பு) ஜாபும் பிடிபடவே மாசக்கணக்கு ஆகுது. பயிற்சி முடியறதுக்கு முன்னாடியே சம்பளம் இவ்வளவுன்னு பையன்கிட்ட பேசிடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அன்னூர், காரமடைப் பக்கத்துப் பசங்களா இருந்தா ரூம் வாடகைத் தொல்லை இல்லாம நிக்கிறாங்க, இது என் அனுபவம்.

மில்லிங்_தங்கச்சி:
குறிச்சி அண்ணா சொன்னதுக்கு மேல ஒண்ணு. நான் மெஷினிஸ்ட் அப்ரண்டிஸா இருந்த இடத்துல லாக் புக்கை (செஞ்ச வேலையை எழுதுற நோட்டு) மாசக் கடைசியில ஒரே பேனாவுல மொத்தமா எழுதிக் கையெழுத்து வாங்குனாங்க. செய்யாத வேலையெல்லாம் செஞ்சதா அதுல இருந்துச்சு. பயிற்சி முடிவுல வர்ற ட்ரேட் டெஸ்ட்டுக்கு ஃப்ரெண்டோட அக்கா பட்டறையில போய் இண்டெக்ஸிங் (ஜாபைச் சம பாகமாத் திருப்பி வெட்டுறது) பழகுனேன். பாஸ் ஆனேன், அந்தக் கம்பெனிக்குத் திரும்பிப் போகல. பொண்ணுங்களையும் எடுங்க அண்ணா. ஆனா டாய்லெட்டும் டிரெஸ் மாத்த ஒரு ரூமும் இல்லாம எடுக்காதீங்க.

கணபதி_லேத்:
ரொம்ப நன்றிங்க. செட்டர் அண்ணன்கிட்ட நாளைக்கே பேசுறேன். நைட் ஷிப்ட் போடலாமா? கையில ஏதாச்சும் பட்டுட்டா யார் பொறுப்பு, இஎஸ்ஐ உண்டா?

ஹெச்ஆர்_சூலூர்:
ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் அப்ரண்டிஸ் அட்வைசர்ங்கிற அரசு அதிகாரியோட அனுமதி இல்லாம போடக் கூடாது. சட்டப்படி அவங்க பயிற்சியாளர், தொழிலாளி இல்ல. அதனால இஎஸ்ஐ, பிஎஃப் வராது. ஆனா பயிற்சியில அடிபட்டா இழப்பீடு நீங்கதான் தரணும். அதுக்கு ஒரு இன்சூரன்ஸ் பாலிசி எடுத்துட்டு அப்புறம் பையனை உள்ள விடுங்க.