பாடுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு கிட்டார்

கிட்டாரை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்காக என் அனுபவத்தைச் சொல்கிறேன். முடியும். ஆனால் மேடை நடுவில் நின்று சோலோ வாசித்து இல்லை. பாடுகிறவருக்குப் பக்கபலமாக வாசிக்கத் தெரிந்ததால்தான் எனக்கு வேலை கிடைத்தது, இன்றைக்கும் கிடைக்கிறது.

என் முதல் பாடம் பெரம்பூரில். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் தன் வீட்டிலேயே சொல்லித் தந்தார். எங்களுக்கு அவர் அங்கிள். பாட்டு எதுவும் உடனே சொல்லித் தர மாட்டார். ஆறு கம்பிகளையும் காதால் கேட்டுச் சுருதி சேர்க்க வேண்டும். அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே வெறும் கம்பிகளை மீட்ட வேண்டும். ஸ்டீல் கம்பி விரல் நுனியை எரிய வைக்கும், காய்ப்பு ஏறும் வரை அந்த வலி இருக்கும். "வலிச்சா கை நிக்கட்டும், கவுண்ட் நிக்கக் கூடாது, மேன்" என்பார். தாளம் என் உடம்பில் ஏறியது அந்த வீட்டுக் கூடத்தில்தான்.

பிறகு லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் கிரேடு இசைத் தேர்வுகள். மூன்று உருப்படிகள், ஸ்கேல்கள் என்கிற ஸ்வர வரிசைகள், முன்பின் பார்க்காத நோட்டேஷனை, அதாவது எழுதி வைத்த இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிப்பது, காதால் கேட்டுப் பதில் சொல்வது என்று இருக்கும். 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி, 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். இளையராஜாவும் 1976இல் இசையமைப்பாளராக அறிமுகமாகும் முன் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, பிறர் இசையில் கிட்டார் வாசித்தவர்தான். நோட்டேஷன் படிக்கத் தெரிவது எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு அவரை விடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் தேர்வில் இல்லாத ஒரு பாடத்தை மெல்லிசைக் குழுவில்தான் படித்தேன். கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளில் பாடகர் கடைசி நிமிடத்தில் திரும்பி, "தொண்டை சரியில்லை, அரைக்கட்டை இறக்கிக்கலாம்" என்று சுருதியைக் குறைக்கச் சொல்வார். கீபோர்டு வாசிப்பவர் ஒரு பட்டனைத் தட்டினால் வேலை முடிந்தது. கிட்டாருக்கு அப்படி எதுவும் கிடையாது. கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பைக் கிட்டார் கழுத்தில் போட்டால் சுருதி ஏறும், இறங்காது. எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த அண்ணன்தான் வழி காட்டினார். பாட்டு ஈ மைனர் ஸ்கேலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கட்டை இறக்க வேண்டும் என்றால் கேப்போவை முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கோடுகளில் முதலாவது) போட்டு, டி மைனருக்கான விரல் வடிவத்தைப் பிடிக்க வேண்டும். ஈ ஃப்ளாட் மைனர் கிடைத்துவிடும், விரல் வைக்காத ஓப்பன் கம்பிகளின் நாதமும் கெடாது. "பாடுறவர் மூச்சைப் பாரு தம்பி, உன் விரலைப் பார்க்காதே" என்று அவர் சொன்னதை இன்றும் என் மாணவர்களிடம் அப்படியே சொல்கிறேன். பல்லவிக்குத் திரும்பும் முன் பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த வார்த்தையை இழுக்கிறார் என்பது எந்த நோட்டேஷனிலும் இருக்காது.

கற்றுக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் என் வாசிப்பு இன்னும் தெளிவானது. வகுப்புக்கு வந்த ஒரு பெண் சிறு வயதிலிருந்தே கர்நாடக சங்கீதம் பாடுகிறவள். பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் கார்டுகளின் பெயர்களை மனப்பாடம் செய்யவே அவளுக்குப் பிடிக்கவில்லை. கீரவாணி ராகத்தின் ஆரோகணத்தை, அதாவது ஏறு வரிசையைப் பாடச் சொன்னேன். ஏ கம்பியை ஸட்ஜமாக வைத்துப் பாடினால் அது அப்படியே மேற்கத்திய இசையின் ஏ ஹார்மோனிக் மைனர் ஸ்கேல். ச-க-ப சேர்த்தால் ஏ மைனர் கார்டு, ம-த-ச சேர்த்தால் டி மைனர், ப-நி-ரி சேர்த்தால் ஈ மேஜர். அந்த நிஷாதம் (நி) காகலி, அதாவது மேல் நிஷாதம் என்பதால்தான் ஈ மேஜர் வருகிறது. அரைக்கட்டை கீழே உள்ள கைசிகி நிஷாதமாக மாற்றினால் ராகம் நடபைரவி, அதே கார்டு ஈ மைனர் ஆகிவிடும். "சார், அப்போ கார்டுங்கறது மூணு ஸ்வரம் சேர்ந்து பாடறதுதானா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு புதுப் பாட்டுகளுக்கு அவளே கார்டு கண்டுபிடித்து வாசிக்க ஆரம்பித்தாள். பாட்டுத் தெரிந்த பிள்ளைகளை மேற்கத்தியப் பெயர்களால் பயமுறுத்த வேண்டாம் என்று சக ஆசிரியர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் காதில் பாதிப் பாடம் ஏற்கெனவே இருக்கிறது.

வருமானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முகூர்த்த மாதங்களில் கச்சேரி குவியும். ஆடியில் கல்யாணம் இல்லை என்றாலும் அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரிகள் கை கொடுக்கும். மார்கழியில் ரிசப்ஷன் மேடை காலி. மாதா மாதம் வாடகை கட்ட வைப்பது வகுப்புகள்தான். மேடை, வகுப்பு இரண்டில் எதையும் குறைவாக நினைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள், எட்டு, பத்து வயது என்றால் முக்கால் அளவில், நைலான் கம்பி போட்டதாக வாங்குங்கள். கம்பி ஃப்ரெட்டிலிருந்து மிக உயரமாக இருந்தால் கடையிலேயே இறக்கித் தரச் சொல்லுங்கள். விலை அதிகமான கிட்டாரை விட, விரலுக்கு எளிதாக அழுந்துகிற கிட்டாரைத்தான் குழந்தை தினமும் எடுத்து வாசிக்கும்.