நடந்தே சஃபாரி: யானை எதிரே வந்தால்?

கேள்வி: ஆகஸ்டில் சாம்பியாவின் தெற்கு லுவாங்வா பூங்காவுக்குப் போகிறோம். ஜீப் வேண்டாம், நடந்தே பார்க்கலாம் என்கிறார் கணவர். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. யானை எதிரே வந்தால் என்ன செய்வது? பத்து வயது மகனையும் கூட்டிப்போகலாமா?

பதில் 1: மகனை நடக்க விடமாட்டார்கள். பெரும்பாலான முகாம்களில் குறைந்தது 12 வயது ஆகியிருக்க வேண்டும். ஜீப்பில் போகலாம்.

பதில் 2: ஓடாதீர்கள், அதுதான் முதல் விதி. முன்னால் துப்பாக்கியோடு பூங்காக் காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் வரிசையாக நாம். வழிகாட்டி கையைத் தூக்கினால் அப்படியே நின்றுவிட வேண்டும். எங்களுக்கு வந்தவர் அடிக்கடி ஒரு பிடி மண்ணை உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். நம் வாடை யானைக்குப் போகாதபடி சுற்றிக் கூட்டிப்போவார். எனக்கென்னவோ நீர்யானைதான் பயம். இரவெல்லாம் மேய்ந்துவிட்டு விடியலில் ஆற்றுக்குத் திரும்பும். அதன் வழியில் நாம் நிற்கக் கூடாது. சிங்கம் மட்டும்தான் வேண்டும் என்றால் ஜீப்பே போதும். நடந்தால் கழுதைப்புலியின் சாணத்தைக்கூடக் குனிந்து பார்க்கலாம்: எலும்பைத் தின்பதால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும்!

பதில் 3: நீலமும் கறுப்பும் உடுத்தாதீர்கள், செட்சி ஈ தேடி வந்து கடிக்கும். காக்கியோ மண் நிறமோ நல்லது.

கேள்வி கேட்டவர்: நன்றி! கணவரிடம் இருப்பதெல்லாம் நீல ஜீன்ஸ்தான். சரி, காக்கி வாங்கிவிடலாம். அப்புறம், மகனோடு முகாமில் யார் இருப்பது என்று இப்போதே சண்டை தொடங்கிவிட்டது.